114/900 தொலைநோக்கி வாங்கியாச்சு, வியாழன் மங்கலாகத்தான் தெரிகிறது: ஐபீஸை (கண்ணருகே வரும் லென்ஸை) மாற்றுவதா, தொலைநோக்கியையே மாற்றுவதா?

11 ஜனவரி 2025, மாலை. வந்த கேள்வி

ஈரோடு. 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத்தூரம் உள்ள நியூட்டோனியன், அதாவது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி. ஈக்வடோரியல் மவுண்ட் (பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் தாங்கி), அலுமினிய முக்காலி. பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருக்கிறது. நிலா அருமை. வியாழனை 4 மி.மீ. ஐபீஸில் பார்த்தால் மங்கல், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் ஆடுகிறது. மவுண்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்கச் சொல்கிறது கையேடு. வைத்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியில் இடிக்கிறது. நல்ல ஐபீஸ் வாங்கினால் தீருமா, இல்லை இதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

11 ஜனவரி 2025, இரவு

இரண்டும் வேண்டாம். அந்த 114/900 நல்ல குழாய். கண்ணாடி பரவளையமாக இல்லாமல் கோளமாகவே இருந்தாலும், இந்த விட்டத்துக்கு 900 மி.மீ. குவியத்தூரம் போதும், கோளப் பிறழ்ச்சி (கோளக் கண்ணாடி ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறை) தொந்தரவு செய்யாது. கெடுப்பது மற்றதெல்லாம்தான்: மவுண்ட், ஃபைண்டர் (குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கி), கூட வந்த ஐபீஸ்கள், உள்ளே பளபளக்கும் கறுப்பு பெயிண்ட். எல்லாமே கையால் சரிசெய்யக்கூடியவை.

675 எப்படி வந்தது? 900ஐ 4ஆல் வகுத்தால் 225. கூடவே வந்த 3 மடங்கு பிளாஸ்டிக் பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டால் 675. கணக்கு சரி, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் 0.17 மி.மீ. ஆகிவிடும். வியாழன் ஆவியில் பாதி வெந்த இட்லி மாதிரிதான் தெரியும். 114 மி.மீ.க்கு நல்ல காற்றுள்ள இரவில் 150 மடங்கு, சாதாரண இரவில் 90 முதல் 110. அந்த பார்லோவையும் 4 மி.மீ.ஐயும் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். கூட வந்ததில் 10 மி.மீ. அல்லது 12.5 மி.மீ. இருந்தால் இன்று அதில் வியாழனைப் பாருங்கள். ரோகிணிக்குப் பக்கத்தில், ராத்திரி ஒன்பதரை மணிக்கு உச்சிக்குக் கிட்டே நிற்கிறது. இரண்டு கரும்பட்டைகள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது) போயிருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் இப்போதே. ஐபீஸில் திருகும் கரும்பச்சைச் சூரிய ஃபில்டர் ஒன்று பெட்டியில் இருந்தால் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயில் நேரே அதன்மேல் விழும், சூடேறி விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்குக் குழாயின் வாயை முழுவதும் மூடும் சூரிய ஃபிலிம் மட்டுமே.

12 ஜனவரி 2025

கம்பி இடிப்பது உங்கள் மவுண்டின் கோளாறு இல்லை, நம் ஊரின் அட்சரேகை. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரிதான் மவுண்டின் முதன்மை அச்சு சாய வேண்டும். சென்னையில் 13, ஈரோட்டில் 11, நாகர்கோவிலில் 8. அதாவது அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இந்த மவுண்டுகள் 35, 40, 50 டிகிரி நாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே ஒரு காலை வடக்கே வைப்பது வழக்கம், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும். இங்கே கம்பி கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி, லேசாக வடக்கே சாய்ந்து, அந்தக் காலிலேயே போய் முட்டும்.

முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்கள் வடக்கிலும் ஒன்று தெற்கிலும் வருமாறு வையுங்கள். கம்பி இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போகும். எதிர் எடையைக் கம்பியில் எவ்வளவு மேலே வைத்துச் சமன் செய்ய முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றுங்கள்.

ஆனாலும் என் அபிப்பிராயம்: மாடியிலிருந்து கண்ணால் பார்ப்பதற்கு இந்த மவுண்ட் தேவையே இல்லை. துருவ நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்குக்குப் பின்னால்தான் இருக்கும். குழாயை வைத்துக் கையால் திருப்பும் பிளைவுட் பெட்டி செய்துகொள்ளலாம், அதுதான் டாப்சோனியன். அளவுகள் பிறகு.

12 ஜனவரி 2025, இன்னொன்று

பெட்டி செய்யும்வரை ஆட்டத்தைக் குறைக்க: முக்காலிக் கால்களை நீட்டவே வேண்டாம், முழுக்க உள்ளே தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டின் திருகுகளை இறுக்குங்கள். தட்டுக்குக் கீழே 5 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, படம் நிலைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

15 ஜனவரி 2025

கொலிமேஷன். பொங்கல் விடுமுறையில் பகலிலேயே செய்யக்கூடிய வேலை.

முதலில் குழாயின் அடியில் இருக்கும் முதன்மைக் கண்ணாடியின் நடுவில் ஒரு அடையாளம் வேண்டும். மலிவான குழாய்களில் அது இருக்காது. குழாயின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை அதைத் தாங்கும் சட்டத்தோடு (செல்) வெளியே எடுங்கள். அதே விட்டத்தில் ஒரு வட்டக் காகிதம் வெட்டி, நான்காக மடித்து, முனையைத் துளியூண்டு கத்தரித்தால் நடுவில் துளை. காகிதத்தைக் கண்ணாடி மேல் மெல்லப் பொருத்தி, துளை வழியே பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு புள்ளி. காகிதத்தை எடுத்துவிட்டு, ஃபைலில் குத்திய துளைகளைச் சுற்றி ஒட்டும் வளைய ஸ்டிக்கர் ஒன்றை அந்தப் புள்ளியைச் சுற்றி ஒட்டுங்கள். அந்த நடுப்பகுதி, குழாயின் வாய்ப்பக்கம் சாய்வாக இருக்கும் சின்ன இரண்டாம் கண்ணாடியின் நிழலில்தான் இருக்கிறது, ஒளி இழப்பு எதுவும் இல்லை.

கண்ணாடி வெளியே இருக்கும்போதே அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளையும் பாருங்கள். தொழிற்சாலையில் பெரும்பாலும் இறுக்கித் தள்ளியிருப்பார்கள். நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். கண்ணாடி லொடலொடக்கக் கூடாது, அழுத்தவும் கூடாது.

பார்க்கும் துளைக்கு, ஐபீஸ் நுழையும் ஃபோகஸரின் பிளாஸ்டிக் மூடியே போதும், சரியாக நடுவில் 2 மி.மீ. துளை. பழைய ஐபீஸ் மூடியும் ஆகும்.

இனி குழாயைப் படுக்கை வசமாக வையுங்கள், நிமிர்த்தி வைத்து வேலை செய்யவே வேண்டாம். ஆலன் கீ கைநழுவினால் நேரே முதன்மைக் கண்ணாடியில்தான் போய் விழும். துளை வழியே பாருங்கள். இரண்டாம் கண்ணாடி வட்டமாக, ஃபோகஸருக்கு நேர் நடுவில் தெரிய வேண்டும். தள்ளியிருந்தால் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் நடுத்திருகைத் திருப்புங்கள். அடுத்து, அதற்குள் முதன்மைக் கண்ணாடி முழுதாக, மூன்று கிளிப்புகளும் ஒரே அளவில் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்து மூன்றாவது ஒளிந்திருந்தால் சுற்றியுள்ள மூன்று சின்னத் திருகுகள். ஒன்றைத் தளர்த்தாமல் இன்னொன்றை முறுக்க வேண்டாம், தண்டு வளையும். கடைசியாகக் குழாயின் பின்பக்கத் திருகுகள்: துளையின் பிம்பம் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும், அது ஒட்டிய வளையத்துக்குள் போய் உட்காரும்வரை.

இரண்டாம் கண்ணாடியின் கரு நிழல் மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாக இருப்பதாகத் தோன்றும். குவிய விகிதம் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 8இல் அது பொருட்டே இல்லை, அதைத் திருத்தப் போய் மற்றதைக் கலைக்காதீர்கள்.

18 ஜனவரி 2025

இன்று மாலை மேற்கே வெள்ளியும் சனியும் சுமார் 2 டிகிரி இடைவெளியில் நிற்கின்றன. வெள்ளி அரை நிலா போல இருக்கும். சனியைப் பார்த்துவிட்டு "வளையம் கோடு மாதிரி இருக்கு, கண்ணாடி கெட்டுப்போச்சா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கெடவில்லை. மார்ச் 23 அன்று வளையத்தின் தளம் நமக்கு நேர் விளிம்பாக வருகிறது, அதனால் இப்போதே மெலிந்துவிட்டது. இந்த வருடம் சனியை வைத்துத் தொலைநோக்கியை எடைபோடாதீர்கள். வியாழனும் நிலாவும்தான் உரைகல்.

19 ஜனவரி 2025

தண்ணீர்க் கேன் காற்றில் ஊஞ்சலாடி முன்பைவிட மோசமாக ஆட்டுகிறது என்று சேலத்திலிருந்து ஒருவர். நியாயம்தான். கேன் தரையை லேசாகத் தொடும்படி கயிற்றின் நீளத்தை வையுங்கள், பாதி எடை கயிற்றில், பாதி தரையில். ஆட்டம் நிற்கும். கேனுக்குப் பதில் மணல் மூட்டை இன்னும் நல்லது, உள்ளே தளும்ப எதுவும் இல்லை.

22 ஜனவரி 2025

டாப்சோனியன் பெட்டி. உங்கள் குழாயை அளந்து, கீழே உள்ள எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது: வெளிவிட்டம் 145 மி.மீ., ஐபீஸும் ஃபைண்டரும் மாட்டிய நிலையில் சமநிலைப் புள்ளி கீழ்முனையிலிருந்து 380 மி.மீ. சமநிலையைப் பார்க்க ஒரு கம்பு மேல் குழாயைக் குறுக்கே வைத்தால் போதும்.

குழாயைப் பிடிக்க 12 மி.மீ. பிளைவுட்டில், 200 மி.மீ. நீளச் சதுரக் கூடு. உள்ளகலம் 149. நான்கு பக்கமும் மெல்லிய ஃபெல்ட் ஒட்டினால் குழாய் இறுகி உட்காரும், தேவைப்பட்டால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். கூட்டின் வெளியகலம் 173 வரும். இரண்டு பக்கமும் நடுவில் 110 மி.மீ. பி.வி.சி. பைப்பின் எண்ட் கேப், ஒவ்வொன்றுக்கும் மூன்று திருகு. இரண்டும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். ஒரு மி.மீ. தவறினால்கூடக் குழாய் நொண்டும், அதனால் நடுத்துளை போட்டு நீளக் கம்பி ஒன்றை இரண்டிலும் நுழைத்துப் பார்த்த பிறகே திருகுங்கள்.

கூட்டைத் தாங்கும் ராக்கர் 18 மி.மீ. பிளைவுட். பக்கப் பலகை இரண்டு, 405 உயரம், 200 அகலம். 405 ஏன்? குழாயின் கீழ்மூலை அச்சிலிருந்து 387 மி.மீ. தூரத்தில் சுற்றும், மிச்சம் இடைவெளி. பக்கப் பலகைகளின் உள்ளிடைவெளி 177, கூட்டுக்கு இருபுறமும் 2 மி.மீ. முன்பலகை 250 உயரம் போதும், உயர்த்தினால் குழாய் தாழும்போது தட்டும். அடிப்பலகை 300க்கு 300. அதன் அடியில், சொரசொரப்பான சன்மைக்கா ஒட்ட வேண்டும், வழுவழுப்பானது வேண்டாம்.

தரைப்பலகை 350 மி.மீ. வட்டம். நடுவில் 10 மி.மீ. போல்ட், தானாகத் தளராத நைலாக் நட். நடுவிலிருந்து 125 மி.மீ. ஆரத்தில் மூன்று டெஃப்லான் துண்டுகள், அவற்றுக்கு நேர்கீழே மூன்று ரப்பர் கால்கள். கால் வேறு இடத்தில், டெஃப்லான் வேறு இடத்தில் என்றால் பலகை வளைந்து ஆடும்.

டெஃப்லான் அளவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ எடை விழுந்தால் நகர்வு வெண்ணெய்யாக இருக்கும். மொத்த எடை 10 கிலோ என்றால் ஒரு துண்டுக்கு 3.3 கிலோ, ஆக 18 மி.மீ. சதுரம். மேலே, பி.வி.சி. மூடி உட்காரும் இடத்தில், பலகையை வளைவாக வெட்டி, பக்கத்துக்கு இரண்டு துண்டு, செங்குத்திலிருந்து இருபுறமும் 35 டிகிரியில். அங்கே 12 மி.மீ. சதுரம் போதும். டெஃப்லானைப் பசை பிடிக்காது, திருகுதான். திருகுத் தலை மேற்பரப்புக்குக் கீழே புதைய வேண்டும், இல்லாவிட்டால் சன்மைக்காவைக் கீறிவிடும்.

நல்ல பெட்டியின் அடையாளம்: 90 மடங்கில் வியாழனை விரல் நுனியால் தள்ளினால் நகர வேண்டும், கையை எடுத்ததும் அங்கேயே நிற்க வேண்டும், பின்வாங்கக் கூடாது.

23 ஜனவரி 2025

டெஃப்லான் கிடைக்கவில்லை, காய்கறி நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வெட்டலாமா? வெட்டலாம். கிளம்பும்போது கொஞ்சம் ஒட்டிப் பிறகு திடீரென நகரும், அதிக மடங்கில் எரிச்சல் வரும். சன்மைக்காவில் கார் வேக்ஸ் ஒரு கோட் தேய்த்தால் பாதி சரியாகும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், மாடித் தூசி முழுக்க அதில் வந்து சேரும்.

பெட்டி வடிவத்தின் பெயர்க்காரணம் கேட்டவருக்கு: ஜான் டாப்சன், 1915 முதல் 2014 வரை வாழ்ந்தவர். 1944இல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்க மடத்தில் துறவியாகச் சேர்ந்து, மடத்தில் இருந்தபடியே கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். குழாய்க்கு அட்டை, மவுண்டுக்கு பிளைவுட். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து வருவோர் போவோரையெல்லாம் பார்க்கவைத்தார். விலை உயர்ந்த மவுண்ட் இல்லாமல் பெரிய கண்ணாடியை ஆளலாம் என்று காட்டியவர் அவர்தான்.

30 ஜனவரி 2025

நேற்று தை அமாவாசை. மங்கலான பொருள்களுக்கு இந்த வாரம்தான் சரி, அதனால் உள்ளே கறுப்படிக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐபீஸை எடுத்துவிட்டு ஃபோகஸர் வழியே பகலில் பாருங்கள். இரண்டாம் கண்ணாடியைச் சுற்றி எதிர்ச்சுவர் சாம்பல் நிறத்தில் மின்னும். தெருவிளக்கு அங்கே பட்டு ஐபீஸுக்குள் வந்துதான் வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஃபோகஸருக்கு நேர் எதிரே 30 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு வெல்வெட் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டினால் வித்தியாசம் முதல் இரவே தெரியும். குழாய் முழுக்க ஒட்டுவது நல்லதுதான், ஆனால் பலனில் பெரும்பங்கு அந்த 30 செ.மீ.க்கே. ஃபோகஸர் குழலின் உள்பக்கத்துக்குக் கரும்பலகை பெயிண்ட். ஒட்டும்போதும் அடிக்கும்போதும் இரண்டு கண்ணாடிகளும் வெளியே இருக்க வேண்டும்.

குழாயின் வாய்க்கு நீட்டிப்பு: யோகா மேட் தடிமனில் கறுப்பு ஃபோம் ஷீட், 485க்கு 250 மி.மீ., சுற்றி வெல்க்ரோ. பக்கத்து வீட்டு விளக்கை மறைக்கும், இரண்டாம் கண்ணாடியில் பனி படிவதையும் தள்ளிப்போடும்.

பிறகு திருவாதிரைக்குத் தெற்கே, மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே தொங்கும் ஓரியன் நெபுலாவை 36 மடங்கில் பாருங்கள். நடுவில் நான்கு நட்சத்திரம் நெருக்கமாக இருக்கும். நான்கும் தனித்தனியே தெரிந்தால் கண்ணாடி, கொலிமேஷன் இரண்டும் சரி.

2 பிப்ரவரி 2025

வெல்வெட் ஷீட் சித்திரை வெயிலில் உரிந்து விழும் என்று எச்சரித்தவருக்கு நன்றி, அது நடக்கக்கூடியதுதான். ஒட்டும் முன் குழாயின் உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் ரப்பர் பசை வையுங்கள். குழாயை வெயிலில் வைக்கவே கூடாது என்பது தனிக்கதை.

9 பிப்ரவரி 2025

கொலிமேஷனைச் சரிபார்க்க லேசர் வாங்கலாமா என்று மூன்றாவது முறையாகக் கேள்வி. மலிவான லேசர்கள் தாமே நேராக இருப்பதில்லை. வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பலகையில் நான்கு ஆணி அடித்து அதன்மேல் படுக்க வைத்து உருட்டுங்கள். 5 மீட்டர் தள்ளிச் சுவரில் புள்ளி வட்டம் போட்டால் அந்த லேசரை நம்ப வேண்டாம், அசையாமல் நின்றால் நம்பலாம். துளை மூடி இப்படி ஏமாற்றாது.

இரவில் உறுதி செய்ய நட்சத்திரமே போதும். பல புத்தகங்கள் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்கச் சொல்லும், அது நகராது என்பதால். நமக்கு அது காற்றின் அடர்ந்த கீழடுக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஓரியனின் மூன்றில் நடு நட்சத்திரத்தை எடுங்கள், 90 மடங்கில் ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் முடிந்தது. ஒரு பக்கம் நெருங்கினால் பின்திருகைக் கால் சுற்று திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

130/650 வைத்திருப்பவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும். குவிய விகிதம் 5இல் கோமா (நட்சத்திரம் வால்மீன் போல நீளும் குறை) இல்லாத நடுப்பகுதி 3 மி.மீ.க்கும் குறைவு, 8இல் அது 11 மி.மீ.

16 பிப்ரவரி 2025

புதிதாக வாங்க இருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: குவியத்தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும், குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். ஃபோகஸருக்குள் ஒரு திருத்தும் லென்ஸை ஒளித்திருப்பார்கள். கொலிமேஷன் செய்வது பெரும்பாடு, படமும் மென்மையாகவே இருக்கும். கடையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். கையில் காசு இருந்தால் 150/1200 டாப்சோனியன், இல்லையென்றால் இதே 114/900.

ஃபைண்டர்: கூட வந்த 5×24 பிளாஸ்டிக்கின் லென்ஸுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வளையம் இருக்கும், உள்ளே வரும் ஒளி பாதிக்கும் குறைவு. ரெட் டாட் ஃபைண்டர் மாட்டுங்கள். பகலில், ஒரு கிலோமீட்டராவது தள்ளியுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைக் குழாயில் நடுவில் கொண்டுவந்து, சிவப்புப் புள்ளியை அதன்மேல் வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பக் கூடாது.

2 மார்ச் 2025

பெட்டி முடித்துவிட்டேன், ஏ.சி. அறையில் வைத்திருக்கிறேன், மாடிக்குக் கொண்டுபோனதும் கண்ணாடி முழுக்க ஆவி என்கிறார் கேள்வி கேட்டவர். ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடி, வெளியே ஈரக்காற்று, ஆவி படியாமல் இருக்காது. துடைக்கவும் வேண்டாம், தானாகக் காயும். மாடிப்படி அறை போன்ற வெளிக்காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போகும் இடம்தான் நல்லது. பார்க்கும் முன் அரை மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும். ஏ.சி.யின் வெளி யூனிட் பக்கமும் வேண்டாம், வெயில் குடித்த சுவரோரமும் வேண்டாம்.

மழைக்காலத்தில் குழாயின் இரு முனைகளையும் மூடி, உள்ளே துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியை அப்புறம் சமையலுக்கு எடுக்கக் கூடாது. தூசி கொஞ்சம் இருந்தால் விடுங்கள், படத்தில் தெரியாது. பூஞ்சையோ உப்புப் படலமோ வந்தால் மட்டும் கழுவல்: குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஓடவிட்டு மணல்துகளைப் போக்கி, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அதில் நனைத்த பஞ்சைத் தன் எடையிலேயே ஒரு திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலசிச் செங்குத்தாகச் சாய்த்துக் காயவிடுங்கள்.

இப்போது ஐபீஸ் வாங்கலாம். முதலில் 32 மி.மீ. ப்ளாஸல் வகை ஐபீஸ்: 28 மடங்கு, கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட முழுதாக அடங்கும். அடுத்து அகலப் பார்வை உள்ள 6 மி.மீ. அல்லது 9 மி.மீ. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் 9. நூறு மடங்கு, நம் ஊர்க் காற்றில் வருடம் முழுக்க உபயோகப்படும்.